மாற்றி ஒட்டிய இருக்கைகள்

கிருபாசங்கரைப் போன வாரம் ஏகப்பட்ட பேர் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். திட்டுங்கள், அவருக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரேயடியாகக் கை கழுவிவிடாதீர்கள். இன்றைக்கு அந்த மனிதர் படப்போகிற பாட்டைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருப்பவர் கிருபாசங்கர். வயது ஐம்பத்திரண்டு. ஆள் ஆறடிக்கு மேல். இருபத்தோரு வருடங்களுக்கு முன், உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தம்பி அருண்குமாரோடு பட்டப்பகலில் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். பல்லடத்தைத் தாண்டியதும் கார் ஒரு புளிய மரத்தில் மோதியது. தம்பி போய்விட்டான். அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

வேகப் பைத்தியமான தம்பிதான் ஓட்டினான் என்று போலீஸ் எழுதியது. ஊர் நம்பியது. தம்பியின் மனைவி பொற்கொடியும் நம்பினாள்.

ஓட்டியது அண்ணன். சாப்பாட்டு மயக்கத்தில் ஒரு நொடி கண்ணை மூடியதும் அண்ணன்தான். போன வாரத்திலிருந்து இது நமக்கும் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அருண்குமாரின் நினைவு நாள். வீட்டில் மதியம் படையல். அதற்கு முன்னால், அப்பாவின் முகத்தைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த தம்பி மகள் சண்முகப்பிரியாவுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று காலையிலிருந்து மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் கிருபாசங்கர்.

பரிசு, அந்தக் கார்தான். பச்சை நிற ஜென். பொம்மை அளவு, ஒரு சாண் நீளம்கூட இருக்காது.

ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் போன வருடம் சொன்னார். இவர் உட்கார்ந்து கார் செய்ய ஆரம்பித்தார். பள்ளிக்கூட நாட்களில் அண்ணனும் தம்பியும் பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்த பழக்கம். முப்பது வருடம் விட்டுப்போனதை எட்டு மாதத்துக்கு முன் மறுபடியும் தொட்டார். பெங்களூரில் ஒருவர் தன் வீட்டிலேயே அச்சு எடுத்து, ரெசின் என்னும் இறுகும் பிசினை ஊற்றி, பழைய கார்களைப் பத்துப் பத்தாக வார்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு வரவழைத்த கிட் இது.

முதல் தடவை பெயின்ட் அடித்தபோது, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி அப்படியே உரிந்து வந்தது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காக உள்ளே பூசிய எண்ணெய், பாகங்களில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதே இவருக்கு மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்புமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஊட்டுல இருக்கறது நாலு பேரு. மாசம் ஆறு சோப்பு போகுது. எந்த ஓட்டல்லீங்க பாத்திரங் கழுவறீங்க?" என்று மனைவி வளர்மதி அவ்வப்போது மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பாள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் கிட்டில் எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்று குழியும் முளையும் இருக்கும். குழந்தைகூடச் சரியாகப் பொருத்திவிடும். இந்த ரெசின் கிட்டில் அந்தச் சங்கதியெல்லாம் இல்லை. காரின் தரை மொழுக்கென்று இருக்கும். ஸ்டியரிங் எங்கே, இருக்கை எங்கே என்று செய்கிறவரே அளந்து, சன்னமாகத் துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஒட்டினதுதான்.

காரின் வெளிப்பக்கத்துக்குப் பழைய ஆல்பத்தில் பதினொரு புகைப்படங்கள் இருந்தன. உள்பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. கிருபாசங்கர் கண்ணை மூடிப் பார்த்தார். தெரிந்தது. தெரிந்தபடியே ஒட்டினார்.

வலது பக்கம் டிரைவர் இருக்கையை, பின் இருக்கையில் முட்டும்படி கடைசி வரை தள்ளி வைத்தார். இடது பக்கத்து இருக்கையை முன்னால் இழுத்து வைத்தார். அன்று மத்தியானம் அவை அப்படித்தான் இருந்தன. தான் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்பது இன்று காலை வரை அவர் புத்திக்கு எட்டவேயில்லை. எட்டு மாதமாக முகமூடி போட்டுத் தேய்த்தும், ஊசி முனை ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து அடைத்தும், மூன்று கை வார்னிஷ் அடித்தும் பாடுபட்டவருக்கு வண்டி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

நம்பர் பிளேட்டைக் குறட்டால் பிடித்து ஒட்டி முடித்தபோது மணி பதினொன்றரை.

"ஏனுங்க, எல போட்டாச்சு. எறங்கி வாங்க" என்றாள் வளர்மதி கீழேயிருந்து.

"வாரேன், வாரேன்."

காரை வெள்ளைத் துணியில் பொதிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கூடத்தில் அருண்குமாரின் படம். இருபத்தேழு வயதுச் சிரிப்பு. படத்துக்குச் சம்மு, அதாவது சண்முகப்பிரியா, மாலை போட்டாள். வளர்மதி விளக்கேற்றினாள். பொற்கொடி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

ஒவ்வொரு வருடமும் அவள் நிற்கிற இடம் அதுதான். வடையிலிருந்து பாயசம் வரை அவள் கைச் சமையல். ஆனால் அந்தப் படத்துக்கு அவள் ஒரு பூ வைத்து யாரும் பார்த்ததில்லை. துக்கம் இன்னும் ஆறவில்லை, பாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது துக்கமில்லை. கோபம். மூன்று மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு, மெதுவாகப் போங்கள் என்று நூறு தடவை கெஞ்சியும் கேளாமல், வேகமாகப் போய்ச் செத்தவன் மேல் உள்ள கோபம்.

அருண்குமார் சாதி பார்க்காமல் கட்டிக்கொண்டு வந்தவள் பொற்கொடி. அவன் போனதும், மதுக்கரையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவளை அனுப்பிவிடலாம் என்று உறவெல்லாம் ஒரே குரலில் சொன்னது. கிருபாசங்கர்தான் ஒற்றைக்காலில் நின்றார். "என்ற தம்பி புள்ள என்ற ஊட்டுலதான் வளரும்" என்றார். மேலே இரண்டு அறைகளை அவர்களுக்கென்று ஒதுக்கினார். பொற்கொடி ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்து தன் காலில் நின்றாள். அவர் தங்கமான மனுசன் என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரியும்.

போலீஸுக்கு அவர் பயப்படவில்லை. ஊருக்குக்கூடப் பெரிதாகப் பயமில்லை. விஷயம் தெரிந்தால், தோளில் போட்டு வளர்த்த அந்தப் பெண் இனிமேல் தன்னைப் பெரியப்பா என்று கூப்பிடாமல் போய்விடுவாளோ? அந்த ஒரு பயம்தான் இருபத்தோரு வருடமும் அவர் வாயை அடைத்து வைத்திருந்தது.

"பெரீப்பா, நான் கண்ண மூடிக்கட்டுங்களா?" என்றாள் சம்மு.

"மூடிக்க கண்ணு. கையி ரெண்டையும் நீட்டு."

துணியை எடுத்தார். சம்மு கண்ணைத் திறந்தாள். 

"அய்யோ! அதே பச்சை! நம்பர் பிளேட்டு... பெரீப்பா! இந்தப் பக்கம் பம்பர்ல கோடு விழுந்திருந்துச்சுல்ல, அதக்கூட விடலையா நீங்க?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கிருபாசங்கருக்கும்தான். இந்தத் தொடர் இந்த இடத்திலேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் சம்மு வெறும் சம்மு இல்லை. ஆட்டோமொபைல் என்ஜினியரிங் கடைசி வருடம். கல்லூரியில் பிள்ளைகளே செய்யும் ரேஸ் கார் குழுவில் ஒருத்தி. ஐந்தடி மூன்று அங்குலம், உடம்பு எடை குறைவு, அதனால் வண்டியை ஓட்ட நீதான் வேண்டும் என்று குழு கேட்கிறது. வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை நாளைக்குக் கொடுக்க வேண்டும். 'உங்கொப்பன் ஓட்டுனது போதும்' என்று பொற்கொடி அதைத் தொடக்கூட மறுத்துவிட்டாள். அந்தக் கதை போன வாரமே வந்துவிட்டது.

என்ஜினியர் கண், காரின் உள்ளே போயிற்று. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவள் சிரித்தாள்.

"பெரீப்பா, ரெண்டு சீட்டையும் மாத்தி ஒட்டிப்போட்டீங்க!"

"என்ன கண்ணு?"

"டிரைவர் சீட்டு இங்க பாருங்க, பின்னாடி போய் முட்டுது. அப்பா என்னாட்டவே குள்ளமில்லீங்களா? இப்புடி உக்காந்தா பிரேக்குக்குக் காலு எட்டுமா? முன்னாடி இழுத்து வெச்ச சீட்டு லெப்ட்டுல இருக்குது. அப்புடியே மாறிப்போச்சு."

கிருபாசங்கருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. 

"கிட்டு அப்புடித்தான் வந்துச்சு கண்ணு."

"எப்புடீங்க? அடி மொழுக்குனு இருக்கும், எல்லாம் நாமதான் அளந்து ஒட்டோணும்னு நீங்கதான சொன்னீங்க?"

சமையலறை வாசலிலிருந்து பொற்கொடியின் குரல் வந்தது.

"எந்த சீட்டு, அம்மணி?"

"இதும்மா. வந்து பாரு. பெரீப்பா மாதிரி நெட்டையா இருந்தாத்தான் இதுல உக்காந்து ஓட்ட முடியும்."

சம்மு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பொற்கொடி கரண்டியைக் கையில் வைத்தபடியே வந்து குனிந்து பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, காரைப் பார்க்காமல் கிருபாசங்கரின் முகத்தைப் பார்த்தாள்.

"குடு கண்ணு, சரி பண்ணித் தாரேன்" என்று அவர் காரைப் பிடுங்காத குறையாக வாங்கினார். விரல் பட்டு ஒரு பக்கக் கண்ணாடி பட்டென்று உடைந்து தரையில் விழுந்தது. எட்டு மாதமாக ஒரு பாகத்தைக்கூட உடைக்காதவர்.

"மொதல்ல சாப்புடுங்க" என்றாள் வளர்மதி, ஒன்றும் புரியாமல்.

"பசியில்ல" என்று அவர் மாடிக்குப் போய்விட்டார்.

அறையில் உட்கார்ந்து, சன்னமான பிளேடை இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் செலுத்தப் பார்த்தார். பசை இறுகிப்போயிருந்தது. அடியில் பித்தளைக் கம்பி வேறு. அழுத்தினால் தரையே பிளந்துவிடும் போலிருந்தது. வேர்த்துக் கொட்டியது. மின்விசிறியைப் போட மறந்துவிட்டார்.

கதவு திறந்து, மறுபடி சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மாமா."

அவர் திரும்பவில்லை.

"சீட்ட முன்னாடி இழுத்துப்போடாம அவரு தெருமுக்குக்குக்கூட வண்டி எடுக்க மாட்டாருங்க. நெஞ்சு ஸ்டியரிங்ல இடிக்கும். பக்கத்து சீட்டுல உக்காந்தாலும் முன்னாடி இழுத்துக்குவாரு. நான் கேலி பண்ணிச் சிரிப்பேன்."

"பொற்கொடி, நான் ஏதோ கவனமில்லாம..."

"கவனமில்லாம ஒட்டியிருந்தா ரெண்டையும் ஒண்ணாட்டத்தான் ஒட்டியிருப்பீங்க. ஒண்ணு பின்னாடி, ஒண்ணு முன்னாடி. பம்பர்ல விழுந்த கோட்ட மறக்காத மனுசன், சீட்ட மறப்பீங்களா?"

பிளேடை அவர் கீழே வைத்தார்.

"சொல்லுங்க மாமா. யாருங்க ஓட்டுனது?"

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். 

"நாந்தான்."

பொற்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு சொக்குதாண்ணா, நான் ஓட்டட்டுமான்னு கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். முக்கா மணி நேரத்துல ஊடு, நீ சும்மா வாடான்னு சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான் பொற்கொடி. அதுக்கப்புறம் எனக்கு மரந்தான் ஞாபகம்."

"அப்புறம் ஏனுங்க சொல்லுலை?"

"தாடை ஒடஞ்சு கம்பி போட்டுக் கட்டிப்போட்டாங்க. இருவத்திரண்டு நாளு வாயத் தெறக்க முடியல. கட்டு அவுக்கறதுக்குள்ள எல்லாம் எழுதி முடிஞ்சுபோச்சு..."

"வாயத் தெறக்க முடியல. சரிங்க. கையி?"

அவர் தலையைத் தூக்கினார்.

"கையி நல்லாத்தான இருந்துச்சு? மூணு மாசக் கொழந்தைய இடுப்புல இடுக்கீட்டு, ஆஸ்பத்திரில உங்களுக்கு ராயிக் கஞ்சி குடுத்தது நானுங்க மாமா. புருசன எரிச்ச ஒம்பதாம் நாளு. ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சுவீங்க. ஏதாச்சும் வேணும்னா நோட்டுல எழுதிக் காட்டுவீங்க. ஒரு நாளு 'உப்பு கம்மி'ன்னு எழுதுனீங்க. ஞாபகம் இருக்குதுங்களா? அத எழுதத் தெரிஞ்சுதில்லீங்க?"

கிருபாசங்கர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.  

பொற்கொடி அழுதாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"இருவத்தோரு வருசம்ங்க. அந்த மனுசன் படத்துக்கு ஒரு பூ வெக்கலீங்க நான். கனவுல வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவேன். எங்கள அனாதையாக்கீட்டுப் போனயேன்னு எத்தன திட்டு திட்டியிருப்பேன்! தப்பே பண்ணாத மனுசன்கிட்ட சண்ட போட்டுட்டே வாழ்ந்திருக்கறனே மாமா!"

அவர் எழுந்து காலில் விழப் போனார். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் அவருதான் ஓட்டுனாருன்னு போலீசுல சொன்னது யாருங்க?"

"அவங்களா எழுதிக்கிட்டாங்க."

இதை மேசைமேல் கிடந்த பிளேடைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இப்போதுதான் ஓர் உண்மையைச் சொல்லி முடித்த வாய், அதன் ஈரம் காய்வதற்குள் ஒரு பொய்யைச் சொன்னது. யாரைக் காப்பாற்ற என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

பொற்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சம்முகிட்ட நீங்களே சொல்லோணும். இன்னிக்கே சொல்லோணும். நான் சொன்னா அது என்ற கோவமாப் போயிரும். நீங்க சொன்னாத்தான் அவ அப்பன் அவளுக்குத் திரும்பக் கெடப்பாரு."

"அவ என்ன வெறுத்துருவா, பொற்கொடி."

"வெறுக்கட்டும்ங்க. நான் இத்தன வருசம் தப்பான ஆள வெறுத்தேன். அவளாச்சும் சரியான ஆள வெறுக்கட்டும்."

கதவு வரை போனவள் நின்றாள்.

"நீங்க சொல்லலீன்னா, நாளைக்கு நானும் அவளும் இந்த ஊட்டுல இருக்க மாட்டோம்."

அவள் போன பிறகு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. சொன்னாலும் அந்தப் பெண் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். மூன்றரை மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு எழுந்தார். உடைந்த கண்ணாடியை ஒட்டவில்லை. இருக்கைகளைத் தொடவில்லை.

சம்மு போர்டிகோவில் நாற்காலி போட்டு, மடியில் கல்லூரிப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க பெரீப்பா. அம்மா உங்க ரூமுக்கு வந்துச்சா? கையெழுத்தப் பத்தி நீங்களே சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னா அம்மா தட்டாது." அவர் கையிலிருந்த காரைப் பார்த்தாள். "அதுக்குள்ள சரி பண்ணீட்டீங்களா?"

"இல்ல கண்ணு."

"ஒட்டு வரலீங்களா? எங்க லேப்ல ஒரு லிக்விட் இருக்குது, நான்..."

"சம்மு. சீட்டு சரியாத்தான் இருக்குது."

அவள் புரியாமல் சிரித்தாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, நெட்டுருப் போட்ட பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நாந்தான். உங்கப்பன் லெப்ட்டு சீட்டுல இருந்தான். நான் கண்ணசந்துட்டேன். தப்பு என்னுது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. இத்தன வருசம் மறச்சுப்போட்டேன்."

சம்மு எழுந்தாள். படிவம் காலடியில் விழுந்தது. காரை அவர் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வழியாக இடது பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இங்கயா இருந்தாரு?"

"ஆமா."

"தூங்கீட்டா?"

"முழிச்சுத்தான் இருந்தான். உனக்குக் காது குத்தறதப் பத்திப் பேசிட்டு வந்தான். எந்தக் கோயல்ல குத்தலாம்னு என்னக் கேட்டுட்டிருந்தான்."

 அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அஞ்சாவது படிக்கறப்ப சைக்கிள்ல வேகமாப் போயி விழுந்தேன். அப்பனாட்டவே வருது பாருன்னு அத்தன பேரும் சொன்னாங்க. பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"எல்லாரும் எங்கப்பாவப் பைத்தியம்னு சொன்னப்ப எல்லாம் பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் பேசியதில் ஒரு தடவைகூடப் பெரீப்பா வரவில்லை. கிருபாசங்கர் அதை எண்ணிக்கொண்டுதான் நின்றார். 

அப்போது வாசலில் வெள்ளை வாடகைக் கார் வந்து நின்றது.

இறங்கியவர் பொங்கியண்ணன். கிருபாசங்கரின் அப்பா. எண்பது வயதிலும் உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் தனியாக இருந்து, தானே நின்று தேங்காய் பறிக்க வைக்கிற ஆள். மகனின் நினைவு நாளுக்கு வருடம் தவறாமல் வந்துவிடுவார். இந்தத் தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது.

வளர்மதி உள்ளேயிருந்து ஓடிவந்து பையை வாங்கினாள். "வாங்க மாமா. தண்ணி கொண்டு வாரேன், உக்காருங்க."

"ஏங்கண்ணு சம்மு," என்றார் பெரியவர், படியேறியபடி. "உங்கொப்பன் காரச் செஞ்சாச்சாமா? போன்ல சொன்னா உன்ற பெரீம்மா. எங்க, காட்டு பாப்பம்."

கிருபாசங்கர் ஓரடி முன்னால் வந்தார். "அப்பா, நீங்க மொதல்ல உள்ள வாங்க, கைகால் கழுவிட்டு..."

சம்மு அவரைத் தாண்டிப் போனாள். காரை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"இந்தாங்க அப்பாரு. உள்ள சீட்டு ரெண்டும் சரியா இருக்குதான்னு நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

பெரியவரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. எதையும் சந்தேகித்து அவள் கேட்கவில்லை. இந்த வீட்டில் இன்றைக்குக் கேட்டதை யாராவது ஒரு பெரிய மனிதர் பொய் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசையில் கேட்டாள், பாவம்.

பொங்கியண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். குனிந்து உள்ளே பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பேத்தியைப் பார்க்காமல் மகன் பக்கம் திரும்பினார்.

"சொல்லிப்போட்டயாடா?"

கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன்ற தம்பிதான் ஓட்டுனான்னு நான் அன்னிக்குப் போலீசுகிட்ட சொல்லி உன்னக் காப்பாத்தி வெச்சது, இன்னிக்கு நீயே பொம்மை செஞ்சு காட்டறதுக்கா?"

தண்ணீர் கொண்டு வந்த வளர்மதியின் கையில் சொம்பு அப்படியே நின்றது. சம்மு பெரியவரைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், மறுபடி பெரியவரைப் பார்த்தாள்.

மாடிப்படியிலிருந்து யாரோ இறங்கிவரும் சத்தம் கேட்டது. பொற்கொடி.

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இந்த வீட்டுக்குள் வாழ வந்த நாளிலிருந்து, வேறு சாதி என்று தன்னை ஏற்காத மாமனாரிடம் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசாதவள், இன்று நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். 

"என்னையத்தான் உங்களுக்குப் புடிக்கல, சரிங்க. அவரும் உங்க மகன்தானுங்களே?"